செருப்புக்குக் காவல் இருந்தவர்

அந்தத் திங்கட்கிழமை காலை முருகேசன் கொல்லையில் மோட்டார் ஓடவில்லை. மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, கரும்புக்குத் தண்ணீர் பாய வேண்டும், பெட்டியைத் திறந்து பார்த்தால் மூன்று பீஸ் கட்டைகளையும் காணோம். அவை யார் சட்டைப் பையில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். "பாய்க்கு வயசாயிடுச்சு, கட்டைய மாட்டாம எட்துக்கினு பூட்டாரு" என்று முனகிக்கொண்டே ஜமால் பாயின் எண்ணுக்கு அடித்திருக்கிறான். எடுத்தது அவருடைய மனைவி. காலைத் தொழுகைக்கு எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், மௌத்தாகிவிட்டார் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எனக்கு முருகேசன் போன் செய்தபோது முதலில் எதுவும் புரியவில்லை. "சார், நான் கட்டைய கேட்டுட்டேன் சார். அந்தம்மாகிட்ட மொதல்ல கட்டைய கேட்டுட்டேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதான்.

இதை நம் ஞாயிற்றுக்கிழமைக் கிணற்றுக் கூட்டத்துக்காக எழுதுகிறேன். வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும்: நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், கள்ளக்குறிச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் பிழைப்பவர்கள். ஞாயிறு காலையில் முருகேசன் கிணற்றில் குதித்து, நீந்தி, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவோம். நான் கணக்கு வாத்தியார். ஜமால் பாய் துருகம் ரோட்டில் கம்ப்ரஸர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். போர் போடும் வண்டியின் பெரிய கம்ப்ரஸரிலிருந்து பஞ்சர் கடையின் சின்ன கம்ப்ரஸர் வரை அவர் கை படாதது இந்தப் பக்கத்தில் குறைவு. இறந்தவரைப் புகழ்ந்து நாலு வரி எழுதுவது எனக்குச் சுலபம்தான். ஆனால் அவரைப் பற்றி நான் உங்களிடம் ஒரு பொய்யை ஓடவிட்டிருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் புகழ்வது அசிங்கம். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

பாய் கிணற்றுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை உங்களுக்குத் தெரியும். மோட்டார் பெட்டியைத் திறந்து மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "கரண்டு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? வந்தா தானா ஓடற மோட்டாரு இது. உள்ள ஆளு கீதுன்னு அதுக்கு இன்னா தெரியும்?" என்பார். பிறகு நம் சட்டைகளைக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகப் போடுவார். கரையேறும்போது ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் கொடுப்பார். சுவர் காலியான பிறகுதான் கட்டையை மாட்டுவார். இதற்காக அவரை நாம் கிண்டல் செய்யாத வாரம் கிடையாது. அவரும் சிரிப்பார், ஆனால் வரிசையை மட்டும் மாற்ற மாட்டார்.

ஸ்கூபா ஆசையைக் கிளப்பியது நான்தான். கடலுக்கடியில் நீந்தும் ஒரு வீடியோவைக் கிணற்றடியில் எல்லோருக்கும் காட்டினேன். ஆறு பேர் பார்த்துவிட்டுப் போண்டா தின்னப் போனார்கள். நான், பாய், முருகேசன் மூன்று பேர் மட்டும் புதுச்சேரிக்குப் போய்க் கற்றுக்கொண்டோம். முதலில் நீச்சல் குளம், பிறகு கடலில் நான்கு முறை. முதல் முறை மேலே வந்ததும் வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு பாய் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முப்பது வருசமா காத்தை அமுக்கி அமுக்கி ஊருக்குக் குடுத்துக்கினு இருந்தேன் சார். இன்னிக்குதான் நானே வாங்கிக் குடிச்சேன்." அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம் என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவர் வேலை மாறி அந்தமான் போய்விட்டார். இனி நாங்களே ஒரு படகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் போனில் படங்களைப் பார்த்துத் தேடினேன். கண்ணைப் பறிக்கும் மீன்கள், பாறைச் சுவர், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் இளைஞர்கள். ஒன்று பிடித்துப்போகவே உடனே பதிவு செய்தேன். பாயிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நிதானமாகப் பார்த்தார். "மீனு நல்லா கீது சார். படகு எப்டி கீதுன்னு எங்கயும் காணமே" என்றார். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். படகு பார்க்க ஒரு தடவை, கடல் பார்க்க ஒரு தடவை என்று புதுச்சேரிக்கு அலைய முடியாது என்று நான் எரிந்து விழுந்தேன். முருகேசனுக்கு ஆலையிலிருந்து கரும்பு வெட்ட ஆர்டர் வந்துவிட்டதால் அவன் வரவில்லை. நானும் பாயும் மட்டும் போனோம்.

கடற்கரையில் ஒரு கொட்டகை. அதன் முன்னால் படகு. வந்தவர்களிடம் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி டீ-சர்ட் சைஸ் என்ன என்பதுதான். பாய் அவர்களிடம் கேட்டவை வேறு. எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? நாங்கள் இறங்கின பிறகு படகில் யார் இருப்பார்கள்? அவசரத்துக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்கே? ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது யார்? படகுக்காரர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் பாத்துக்கலாம் பாய்" என்று ஒரே பதில் சொன்னார். கடைசியாக, "அலை ஜாஸ்தின்னு எப்பங்க டிரிப்ப நிறுத்துனீங்க?" என்று பாய் கேட்டார். "நாங்க நிறுத்தினதே கிடையாது" என்று அவர் பெருமையாகச் சொன்னார். பாய் கொட்டகைக்குப் பின்னால் போய், நாங்கள் முதுகில் மாட்டும் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரைப் பார்த்தார். அது காற்றை இழுக்கும் குழாய் எஞ்சின் புகை வரும் பக்கமே இருந்தது. ஒரு சிலிண்டரைத் திறந்து காற்றை முகர்ந்தார். என் மேல் மாட்டியிருந்த ஜாக்கெட்டை இழுத்து, "இதுல விசிலு இல்லியே சார்" என்றார்.

அந்தப் படகுக்கு வந்திருந்த மற்ற ஆறு பேரும் வெளியூர்க்காரர்கள், இளைஞர்கள். அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. அவர் கையைத் தட்டிவிட்டு, "பாய், நீங்க கம்ப்ரஸர் பாக்க வந்தீங்களா, கடல் பாக்க வந்தீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், "சார், நாம நாலு வாட்டிதான் எறங்கிக்கிறோம். அதை ஒருத்தனும் கேக்கல. நம்மள கேள்வி கேக்காத படகுல ஏறக் கூடாது. நான் ஏறல. நீங்களும் ஏறாதீங்க" என்றார். பயமாக இருந்தால் கரையில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நான் ஏறினேன். நாங்கள் ஏழு பேர் கழற்றிப் போட்ட செருப்புகளை அவர் குனிந்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். படகு கிளம்பும்போது அதைத்தான் நான் பார்த்தேன்.

கடலுக்கடியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு குழு, இரண்டு வழிகாட்டிகள். எனக்குக் காது வலித்து நான் பின்தங்கியதால் முதல் வழிகாட்டி என்னை இரண்டாமவரிடம் கைகாட்டி விட்டுவிட்டார். இரண்டாமவர் சிறிது நேரம் கழித்து நான் பழைய குழுவுக்கே திரும்பிவிட்டதாக நினைத்திருக்கிறார். என் முகக் கண்ணாடியில் தண்ணீர் புகுந்தது. நின்று வடித்துவிட்டு நிமிர்ந்தேன். யாரும் இல்லை. கலங்கல் மட்டும்தான். ஒரு நிமிஷம் தேடு, காணவில்லை என்றால் மெதுவாக மேலே வா என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அப்படியே வந்தேன். நீரோட்டம் என்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டிருந்தது. படகு தூரத்தில் அலைக்கு மேலே தெரிந்தது, மறைந்தது. கத்தினேன். ஊத விசில் இல்லை. எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. சத்தம் சின்னதாகிக்கொண்டே போனது. "எல்லாரும் வந்தாச்சா?" என்று படகில் யாரோ கேட்க, "வந்தாச்சு" என்று யாரோ சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அவர்கள் தலை எண்ணிய லட்சணம் அதுதான்.

ஜாக்கெட்டில் காற்றை ஏற்றிக்கொண்டு மிதந்தேன். எவ்வளவு நேரம் என்று அப்போது தெரியவில்லை, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு எஞ்சின் சத்தம் மறுபடி கேட்டது. படகின் முன்முனையில், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து நனைந்த சட்டையோடு, எந்தப் படகில் ஏற மாட்டேன் என்றாரோ அதே படகில் ஜமால் பாய் நின்றுகொண்டிருந்தார். என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். திட்டவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவும் இல்லை. என் தலையில் கையை வைத்து, "ஏழு" என்றார்.

கரையில் நடந்ததை எனக்குச் சொன்னவர் அங்கே இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மா. படகு திரும்பியதும் ஆறு பேர் இறங்கி அவரவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு ஜோடி மிச்சம் நின்றிருக்கிறது. வார் தைத்த என்னுடைய பழுப்புச் செருப்பு. பாய் போய்க் கேட்டதற்கு, "பாத்ரூம் போயிருப்பாரு" என்று சொல்லியிருக்கிறார்கள். "இந்த மணல் சூட்டுல செருப்பு இல்லாம எங்கய்யா போவாரு? படக எடு!" என்று அந்தச் செருப்பைக் கையில் தூக்கிக் காட்டிக் கத்தியிருக்கிறார். அவர் கத்தி நீங்கள் யாராவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. "அந்த மன்சன் இல்லன்னா நீ இன்னிக்கு வூடு திரும்பி இருக்க மாட்ட சாமி" என்றார் அந்த அம்மா.

ஊர் திரும்பும் பஸ் விழுப்புரத்தைத் தாண்டியது. பிறகு, "பாய், இது யாருக்கும் தெரிய வேணாம். வீட்ல தெரிஞ்சா கிணத்துக்குக்கூட விட மாட்டாங்க" என்றேன். பாதி உண்மை. நாலு பேர் முன்னால் அவரை அவமானப்படுத்திவிட்டு அவராலேயே பிழைத்தேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது மீதிப் பாதி. "நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்? நீங்க வந்துட்டீங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

அடுத்த ஞாயிறு கிணற்றடியில் நான் அளந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஆமை பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. "பாய், நீ இன்னா பாத்த?" என்று முருகேசன் கேட்டான். "நான் எங்க எறங்குனேன்? கரையில குந்திக்கினு இருந்தேன்" என்றார் பாய். "அப்ப அவ்ளோ தூரம் போயி செருப்புக்குக் காவலா?" என்றான் அவன். "ஆமாம்பா, காவல்தான்" என்றார் அவர். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருடைய மகள் நிக்காஹ் விருந்தில், புது மாப்பிள்ளை வீட்டார் முன்னால், "எங்க செருப்புக் காவல் பாய், கடலைக் கண்டு பயந்தவரு" என்று நம்மில் ஒருவர் அறிமுகம் செய்தார். பாய் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவருக்குக் கடல் ஆசை போகவில்லை. பட்டறையில் வேலை இல்லாத நேரத்தில் ஒவ்வொரு படகாகப் போன் போட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம் நாம் கரியாலூர் போனோமே, அருவிக்குப் போகாமல் அவர் ஒரு பாறை மேல் ஏறி நின்று போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார், எல்லோரும் வியாபாரம் என்று நினைத்தீர்கள். அது ஒரு படகுக்கார அம்மா. அந்த மலையில் அந்தப் பாறையில்தான் சிக்னல். "ஆமாங்க, அம்பத்தி நாலுங்க. இல்லீங்க, சிகரெட்டு இல்லீங்க. நாலு வாட்டிதாங்க. கடைசியா எறங்கி ரெண்டு வருசம் ஆவுதுங்க." பேசி முடித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "சார், நம்மள வேணான்னுட்டாங்க சார்!" முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் புரியவில்லை. "ஆழமான எடத்துக்கு வேணாமாம். மொதல்ல ஒரு நாள் ஆழம் கம்மியான எடத்துல பழகணுமாம். ரெண்டு பேருக்கு ஒரு ஆளாம். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேலன்னா நெஞ்சு காட்டி டாக்டர் சீட்டு கொண்டாரணுமாம். தலை எண்ண ஒரு நோட்டே வெச்சிகிறாங்களாம், கையெழுத்து போடணுமாம். இதான் சார் நம்ம படகு!"

எப்போது போகலாம் என்று கேட்டார். பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் என்றேன். பிறகு தேர்தல் வேலை, பிறகு மழை. உண்மை வேறு. எனக்குக் கடல் என்றாலே பயம் வந்துவிட்டது. குளிக்கும்போது காதில் தண்ணீர் போனால்கூட அந்த எஞ்சின் தூரப் போகும் சத்தம் கேட்கும். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம், அவர் சிரித்திருக்க மாட்டார். முருகேசனைக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆமை பார்த்த வீரனாயிற்றே நான். "நீங்க மட்டும் போய்ட்டு வாங்களேன் பாய்" என்று ஒருமுறை சொன்னேன். "ஜோடி இல்லாம எறங்கக் கூடாது சார். நீங்க தேதி சொல்லுங்க, அடுத்த நாளே நெஞ்சு காட்டி சீட்டு வாங்கிடறேன். தேதி இல்லாம டாக்டர்கிட்ட போயி இன்னான்னு நிக்கறது?" என்றார்.

நான் தேதி சொல்லவில்லை. அவர் நெஞ்சைக் காட்டவும் இல்லை. காட்டியிருந்தால் கண்டுபிடித்திருப்பார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நல்ல படகு கேட்ட அந்த ஒரு சீட்டு அவர் வாங்காமல் போனதற்கு நான்தான் காரணம். இதை யார் என்ன சமாதானம் சொன்னாலும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு நினைவிருக்கிறதா? கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டார், சட்டைகளை வரிசையாகப் போட்டார், ஆனால் இறங்கவில்லை. "நெஞ்சு கரிக்குதுப்பா, வாயு போல" என்று மேல்படியில் உட்கார்ந்தார். நாம் உள்ளே கும்மாளம் போட்டோம். மேலே வந்தபோது படியில் அவர் இல்லை. கடைசி ஆள் ஏறும் முன்னால் அவர் ஒருநாளும் போனதில்லை. எட்டுப் பேர் எட்டுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, போண்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். ஒருவர் குறைகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைக் கவனிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் குவிந்து கிடந்தன. "பாய் இருந்தா வரிசையா வெச்சிருப்பாரு, நம்ம செருப்புக் காவல் பூட்டாரேய்யா" என்று முருகேசன் அழுதான். உண்மையான பாசத்தோடுதான் சொன்னான். அப்போதுதான் இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் அவருடைய மனைவியிடமும் மகளிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடற்கரையில் அவர் கத்தியதைச் சொன்னபோது மகள் நம்பவில்லை. "அத்தாவா கத்துனாரு?" என்று இரண்டு முறை கேட்டாள். அந்த அம்மா உள்ளே போய் மூன்று பீஸ் கட்டைகளையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார். முருகேசன் அதற்குள் புதுசு வாங்கி மாட்டியிருந்தான். அவை என்னிடமே இருக்கின்றன.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இந்தக் கட்டைகளும், அந்தப் படகுக்கார அம்மாவின் எண்ணும். போன வாரம் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிச் சீட்டு வாங்கிவிட்டேன். கடலில் இறங்குவேனா என்று தெரியாது, பயம் அப்படியே இருக்கிறது. நீங்களும் போய்க் காட்டுங்கள். வருகிற ஞாயிறு முதல் சட்டைகளை நான் வரிசையாகப் போடுகிறேன், கடைசியாகக் கிளம்புகிறவனும் நானாக இருக்கட்டும். அவருக்கு நீங்கள் வைத்த பேரை மாற்ற வேண்டாம். செருப்புக் காவல் பாய் என்றே சொல்லுங்கள், அவரே ஒப்புக்கொண்ட பேர்தான் அது. ஆனால் சொல்லும்போதெல்லாம் கூடவே இதையும் சொல்லுங்கள்: மிச்சம் நின்ற அந்தச் செருப்பு என்னுடையது.